தலை மாறிய தாய்

கொல்ல வந்த நோய்க்குத் தாயின் பெயரைச் சூட்டிய மக்கள் நாம். அம்மை! ஈன்றவளை அழைக்கும் சொல்லாலேயே, குழந்தையின் முகத்தைக் குலைத்து, கண்ணைப் பறித்து, உயிரையும் குடிக்கும் கொடிய நோயை அழைத்தோம். சீழ் கட்டிய கொப்புளத்தை ‘முத்து’ என்றோம். வாயிலில் வேப்பிலை செருகினோம். அடுப்படியில் தாளிக்கும் மணம் எழாது நிறுத்தினோம். மருத்துவனை அழைக்க அஞ்சினோம். மாரியம்மன் தாலாட்டைப் படித்தோம். நோய் நீங்கினால் தலைக்குத் தண்ணீர் வார்த்து, ‘அம்மை இறங்கினாள்’ என்று மகிழ்ந்தோம். நீங்காவிடில், ‘அவள் கொடுத்தாள், அவளே எடுத்துக்கொண்டாள்’ என்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டோம்.

ஏன் இப்படி? அச்சமா? அன்பா? அறியாமையா? மூன்றும்தான். ஆனால் மூன்றோடு முடியவில்லை. மாரியம்மன் வழிபாட்டின் வரலாற்றைத் தோண்டிப் பாருங்கள்: மேலே கிடைப்பது பக்தி, அதற்குக் கீழே நோய், அதற்கும் கீழே, அடிமண்ணில், சாதி! தாயைப் பழிப்பது நம் நோக்கமன்று. தாயின் பெயரால் நடந்தவற்றை அறிவதே நோக்கம்.

வெயிலும் மாரியும்

மாரி என்றால் தமிழில் மழை. வடமொழியில் மாரி என்பது கொள்ளைநோய், சாவு. மழை தருபவளும் சாவு தருபவளும் ஒருத்தியே ஆனது எப்படி?

பெரியம்மை பருவம் பார்த்து வந்த நோய். பனி நீங்கி வெயில் ஏறும் மாதங்களில் தலைவிரித்தாடும். மழை பிடித்ததும் தணியும். வங்கத்தார் இதை ‘வசந்த நோய்’ என்றே அழைத்தனர். வடநாட்டில் இந்நோய்க்குரிய தேவி சீதளை. குளிர்ந்தவள் என்பது அதன் பொருள். கழுதை மீது அமர்ந்து, கையில் துடைப்பமும் தண்ணீர்க் குடமும் ஏந்தி, தலையில் முறம் தாங்கி வருபவளாக அவளைத் தீட்டினர். இங்கே நம் மக்களும் மாரிக்குப் படைத்தவை என்ன? கூழ், மோர், இளநீர், மஞ்சள் நீர், வேப்பிலை. யாவும் குளிர்ச்சிக்கு உரியவை.

ஏரும் கலப்பையும் பிடித்த மக்கள் கண்ணால் கண்டதைச் சரியாகவே கண்டனர். வெயில் ஏறினால் நோய் ஏறுகிறது, மாரி பொழிந்தால் நோய் மாறுகிறது என்று கண்டனர். ஆனால் கண்டதற்குக் காரணம் தேடியபோதுதான் வழி தவறியது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஒன்று மூச்சுக்காற்றின் வழியே ஆள்விட்டு ஆள் தாவுகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வார்? அக்காலத்தில் உலகில் எவரும் அறிந்திலர். எனவே, சினந்த தாய் ஒருத்தியைக் கற்பித்தனர். அறியாமல் கற்பித்தவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அந்த அறியாமையின் மீது ஏறி அமர்ந்தவர் யார் என்று கேட்கத்தான் உரிமை உண்டு.

மன்னரின் தேவியும் மக்களின் தாயும்

தாய்த்தெய்வ வழிபாடு தமிழகத்தில் பழமையானது. தொல்காப்பியம் புறத்திணையில் ‘கொற்றவை நிலை’ என்பதைக் குறிக்கிறது. சிலப்பதிகாரத்தில் பாலை நிலத்து எயினர் கொற்றவையைப் போற்றுகின்றனர். சாலினி என்னும் எயினப் பெண் தெய்வமேறி ஆடுகிறாள். அங்கே வேள்வியில்லை, வேதியன் இல்லை. வேட்டுவர் குலப்பெண்ணே தெய்வத்தின் வாயாக நிற்கிறாள்.

பின்னர் அரசு வளர்ந்தது; ஆகமம் வந்தது. கொற்றவை துர்க்கையானாள். மாமல்லபுரத்துப் பாறையில் எருமை அசுரனோடு போரிடும் பெருந்தேவியாக ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் அவளைச் செதுக்கினான். ஒன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலய சோழன் நிசும்பசூதனியை நிறுவினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. மன்னரின் வெற்றிக்கு அவள் தெய்வம். மன்னரின் கருவூலம் அவளுக்குக் கோயில்.

வயற்புறத்து வேம்படியில், கூரையும் இல்லாது, கல்லாகவும் புற்றாகவும் நின்ற தாயின் கதை வேறு. அவளுக்குச் செப்பேடு இல்லை. அவள் முன் பறை கொட்டியவரும், கரகம் எடுத்தவரும், கடா வெட்டியவரும் உழைக்கும் மக்கள். 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மாரியம்மன், எல்லம்மன் முதலான ஊர்த் தெய்வங்களை அதில் தனியே எடுத்துப் பேசினார். சென்னையில் பேராயராக இருந்த ஒயிட்ஹெட் 1916இல் தென்னாட்டுக் கிராம தேவதைகளைப் பற்றி எழுதிய நூலில், அங்கே பூசை செய்வோருள் பார்ப்பனர் அரியர் என்பதைக் குறித்தார்.

இந்தத் தாயை மேலோர் தள்ளவும் முடியவில்லை. நோய் வந்தால் அக்கிரகாரத்துப் பிள்ளையும்தானே சாகிறது? கொள்ளவும் முடியவில்லை. சேரியின் கை பட்ட தெய்வமாயிற்றே! தள்ளவும் கொள்ளவும் முடியாத இடத்தில் பிறப்பதுதான் புராணம்.

தலை மாறிய கதை

முதலில் வடமொழிப் பாரதத்தின் வனபருவம் கூறுவதைக் கேளுங்கள். சமதக்கினி முனிவனின் மனைவி இரேணுகை. நீராடச் சென்றவள், மனைவியரோடு நீர்விளையாடும் சித்திரரதன் என்னும் மன்னனைக் காண்கிறாள். ஒரு கணம் மனம் அசைகிறது. அவ்வளவுதான்! செயல் இல்லை, சொல் இல்லை. எண்ணம் ஒன்றே குற்றம். தவ வலிமையால் அதை அறிந்த கணவன், தாயைக் கொல்லுமாறு பிள்ளைகளுக்கு ஆணையிடுகிறான். நால்வர் மறுக்கின்றனர், சாபம் பெறுகின்றனர். ஐந்தாமவன் பரசுராமன் கோடரியை எடுக்கிறான். தாயின் தலை உருள்கிறது. மகிழ்ந்த தந்தை வரம் தருகிறான். தாய் மீண்டும் உயிர்பெற வேண்டும் என்று மகன் கேட்கிறான். அதோடு, தான் கொல்லப்பட்ட நினைவு அவளுக்கு இருக்கக் கூடாது என்றும் கேட்கிறான்!

தோழர்களே, இந்த வரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். வெட்டியது தவறு என்று ஒருவரும் கூறவில்லை. வெட்டுண்டவள் மறந்துவிட்டால் போதும் என்கின்றனர். அடக்கப்பட்டோர் அனைவரிடமும் ஆதிக்கக்காரர் கேட்டுவந்த வரமும் இதுவே அல்லவா?

பாரதக் கதை இங்கே முடிகிறது. அதில் சேரி இல்லை. தலை மாற்றமும் இல்லை. தென்னாட்டில்தான் கதை வளர்கிறது. இரேணுகை நாள்தோறும் பச்சை மண்ணில் குடம் வனைந்து, கற்பின் வலிமையால் அது கரையாமல் நீர் சுமப்பாளாம். ஒருநாள் வானில் சென்ற கந்தருவனின் நிழலை நீரில் கண்டு வியந்தாள், குடம் கரைந்தது. வெட்ட வந்த மகனுக்கு அஞ்சி ஓடினாள். எங்கே ஓடினாள்? அக்கிரகாரத்துக்கா? அங்கே கதவு திறக்காது. சேரிக்கு ஓடினாள். ஆதித்திராவிடப் பெண் ஒருத்தி அவளைக் கட்டி அணைத்துக் காக்க முயன்றாள். பரசுராமன் இருவர் தலையையும் வீழ்த்தினான். பின்னர் வரம் பெற்று உயிர் எழுப்ப வந்தவன், பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்தினான். பார்ப்பனத் தலையும் சேரி உடலும் கொண்டவள் மாரியம்மன். சேரித் தலையும் பார்ப்பன உடலும் கொண்டவள் எல்லம்மன். ஊருக்கு ஊர் சிறு மாற்றங்களோடு வழங்கும் கதை இது.

பிரெஞ்சுப் பயணி சோனரா 1782இல் அச்சிட்ட நூலில் இக்கதையின் வேறொரு வடிவம் இருக்கிறது. ஐரோப்பாவில் அது பரவி, செருமானியப் பெருங்கவி கதே 1820களில் அதைக்கொண்டு கவிதை புனைந்தார். சோனரா தரும் வடிவில் சேரிப் பெண் அடைக்கலம் தந்தவள் அல்லள்; குற்றம் செய்து கொலைத் தண்டனை பெற்றவள்! ஒரே பெண் மக்கள் வாய்மொழியில் காப்பவள். ஏட்டில் ஏறிய வடிவில் குற்றவாளி. கதையைச் சொல்பவர் மாறினால் கதையின் நீதியும் மாறுகிறது.

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில், ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளில் கெங்கையம்மன் ‘சிரசு’ திருவிழா நடைபெறுகிறது. அம்மனின் தலையை மட்டும் ஊர்வலமாக எடுத்துவந்து, கோயிலில் உள்ள உடலில் பொருத்துகின்றனர். அந்த உடலுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர் என்ன தெரியுமா? ‘சண்டாளச்சி’! பல்லாயிரம் பேர் கூடி வணங்கும் நாளில், தலைக்கு ஒரு பெயர், உடலுக்கு ஒரு பெயர்.

இரேணுகையின் தலை உருண்டது நடந்த நிகழ்ச்சி என்று நாம் கூறவில்லை. நடந்தது அதுவன்று; அப்படி ஒரு கதை கட்டப்பட்டதே நடந்தது. அதுவே நமக்கு வரலாறு. உழைக்கும் மக்களின் தாய், பறை கேட்டு ஆடும் தாய், ஏற்கெனவே இங்கே நின்றிருந்தாள். அவளை அழிக்க இயலாதோர், அவள் கழுத்துக்குமேல் ஒரு முனிவன் மனைவியின் தலையை வைத்தனர். உடல் உழைப்பவர்க்கு, தலை உயர்ந்தோர்க்கு என்று வருணம் வகுத்த அதே கணக்கு! கல்லில் வடித்த தேவிக்கும் சாதி பிரித்துக் கொடுத்த திறமையை என்னென்பது?

ஆனாலும் கதை கட்டியவர் அறியாமலே ஓர் உண்மையும் அதில் நுழைந்துவிட்டது. பார்ப்பனப் பெண்ணின் தலை சேரிப் பெண்ணின் உடலில் ஒட்டிக்கொண்டது! குருதி ஓடியது, உயிர் வந்தது. சாதி உடலில் இல்லை என்பதை அவர்கள் கதையே ஒப்புக்கொள்கிறது. கோயிலில் ஒப்புக்கொண்டதை வாழ்க்கையில் ஒப்பினரா? அதற்கு விடை அம்மைத் தடுப்பின் வரலாற்றில் இருக்கிறது.

ஊசி வந்தது, சாதி குறுக்கே நின்றது

நோயைக் கட்டுப்படுத்த முயன்றவர் பழங்காலத்திலும் இருந்தனர். வங்கத்தில் ‘டீக்காதார்’ எனப்பட்டோர், லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த பொருளை நலமுள்ளவர் கையில் குத்தி, கடும் நோய் வராமல் தடுத்தனர். இம்முறையை ஹோல்வெல் என்னும் மருத்துவர் 1767இல் இலண்டனில் விரிவாக எழுதினார். குத்தும்போது தேவிக்கு வழிபாடும் நடந்தது. வேலை செய்தது குத்தல். புகழ் பெற்றது மந்திரம்!

அம்முறையில் ஆபத்தும் இருந்தது. குத்தப்பட்டவர் சிலர் இறந்தனர், பிறருக்கும் நோய் பரவியது. 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் வேறு வழி கண்டார். மாட்டம்மை வந்த பால்காரிகளுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது அந்நாட்டுச் சிற்றூர் மக்கள் பேசிக்கொண்ட செய்தி. மற்றவர் அதைக் கேட்டுச் சிரித்தனர். ஜென்னர் கேட்டுச் சோதித்தார். பால்காரி ஒருத்தியின் கைக் கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவன் கையில் ஏற்றினார். பின்னர்ப் பெரியம்மைப் பொருளையும் ஏற்றிப் பார்த்தார். நோய் வரவில்லை. உழைக்கும் பெண்களின் அனுபவம் ஒன்று அறிவியலாயிற்று. இங்கேயும் உழைக்கும் மக்கள் பருவத்தைக் கவனித்திருந்தனர். அதைச் சோதிக்க ஒருவன் வரவில்லை, பாடத்தான் வந்தனர்.

1802 ஜூன் 14இல் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவின் முதல் தடுப்பு குத்தப்பட்டது. அங்கிருந்து சென்னைக்கும் பிற இடங்களுக்கும் அது பரவியது. எப்படிப் பரவியது? குளிர்ப்பெட்டி இல்லாத காலம். குத்தப்பட்ட குழந்தையின் கையில் எட்டாம் நாள் அளவில் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று, கைவிட்டுக் கைமாறி வந்தது மருந்து.

எழுந்தது சாதி! ‘எந்தக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த நீர் இது? கீழ்ச்சாதிக் குழந்தையின் உடல் நீரா எங்கள் பிள்ளைக்கு?’ என்று உயர்சாதியினர் மறுத்தனர். சேரி உடலில் ஒட்டிய பார்ப்பனத் தலையைக் கும்பிட்டனர். சேரிக் குழந்தையின் கையிலிருந்து வரும் ஒரு துளி மருந்தைக் கண்டு நடுங்கினர்! பெரியம்மையோ எவரிடமும் கோத்திரம் கேட்கவில்லை. அக்கிரகாரத்திலும் புகுந்தது, அரண்மனையிலும் புகுந்தது, சேரியிலும் புகுந்தது.

மக்களை இணங்கச் செய்ய ஆட்சியாளர் கையாண்ட வழி விந்தையானது. சென்னையில் ஆட்சியராக இருந்தவர் எல்லிசு. தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816இல் நிறுவிய அறிஞர் அவர். அத்தகையவரே, மாட்டம்மைத் தடுப்பைப் பரப்புவதற்காகச் சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடலாக ஒரு கதையைப் புனைந்தார். நலம் தரும் புது மருந்தைத் தேவியின் வாயால் சொல்லவைத்தால்தான் மக்கள் ஏற்பர் என்று கருதினார். நோக்கம் நன்று, வழி தவறு. 1819இல், தடுப்பு முறை பழைய வடமொழி ஏட்டிலேயே இருக்கிறது என்ற செய்தியும் சென்னையில் அச்சாகி உலகெங்கும் பரவியது. பின்வந்த ஆய்வாளர்கள் அது புனைவு என்று காட்டியும், ‘எல்லாம் எங்கள் ஏட்டில் அன்றே உண்டு’ என்போர் அதை விடவில்லை. அறிவை மூடநம்பிக்கையின் முதுகில் ஏற்றி அனுப்பினால், போய்ச் சேர்வது மூடநம்பிக்கையாகவே இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நோயை வென்றவர் யார்?

சென்னைத் தொண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஏ. ஆர். ராவ், தாம் கண்ட பெரியம்மை நோயாளிகளைப் பற்றி 1972இல் நூல் வெளியிட்டார். அவர் கணக்கிட்ட 6,942 பேருள், தடுப்பு குத்திக்கொள்ளாதோர் 3,544 பேர். அவர்களுள் நூற்றுக்கு 35.5 பேர் மாண்டனர். என்றோ ஒருமுறை குத்திக்கொண்டோர் 3,398 பேர். அவர்களுள் மாண்டோர் நூற்றுக்கு 6.3 பேர். வேப்பிலை இரு சாராரின் வீட்டிலும் செருகப்பட்டிருக்கும். வேண்டுதல் இரு சாராரும் செய்திருப்பர். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: கையில் இருந்த தழும்பு!

1967இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்நோயை வேரறுக்கத் தீவிர முயற்சியைத் தொடங்கியது. 1974இல் இந்தியாவில் 1,88,000 பேருக்கு மேல் நோய் கண்டது. 31,000 பேருக்கு மேல் இறந்தனர். பீகார் பெரிதும் தவித்தது. பணியாளர்கள் வீடுவீடாக ஏறி இறங்கினர். நோயாளியின் படத்தைக் காட்டி, ‘இப்படி யாரையேனும் கண்டீரா?’ என்று கேட்டனர். நோய் இருக்குமிடத்தைச் சொல்வோர்க்குப் பரிசு அறிவித்தனர். அது 1,000 ரூபாய் வரை உயர்ந்தது. நோய் கண்ட வீட்டைச் சுற்றியிருந்த அனைவருக்கும் இருமுனை ஊசியால் தடுப்பு குத்தினர். 1975 மே மாதத்தில் அசாமில் கண்டதே இந்தியாவின் இறுதி நோய். 1977இல் சோமாலியாவில் ஒருவருக்கு வந்ததோடு இயற்கையாகப் பரவிய பெரியம்மை உலகில் முடிந்தது. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், நோய் ஒழிந்தது என்று உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடி மக்களைக் கொன்றதாகக் கணக்கிடப்படும் நோய், மனிதன் கையால் மாண்டது!

தீ மிதித்தவரை நாம் எள்ளவில்லை. பிள்ளை பிழைக்கவேண்டுமே என்று நெருப்பில் இறங்கிய தாயின் அன்பு பெரிது. ஆனால் அந்த அன்பு பல நூற்றாண்டு மிதித்தும் அணையாத நெருப்பை, சிற்றூர்ச் சாலையில் ஊசிப் பெட்டியோடு நடந்த பணியாளனும் பணிப்பெண்ணும் அணைத்தனர். அவர்களுக்குத் தேருமில்லை, திருவிழாவுமில்லை.

எஞ்சி நிற்பவை

நோய் போயிற்று, அதன் நிழல் போகவில்லை. சின்னம்மையும் தட்டம்மையும் வந்தால் மருத்துவரிடம் காட்டாத வீடுகள் உண்டு. தட்டம்மை குழந்தையைக் கொல்லக்கூடியது. அதற்கும் ஊசி உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வதந்தி முந்திக்கொண்டது. பெற்றோர் பலர் பின்வாங்கினர். பழைய அச்சம் புதிய உடையில் வந்தது.

இரேணுகையின் பெயரால் பெண்களும் பலியாயினர். கர்நாடகத்தில் சவதத்தி எல்லம்மனுக்குச் சிறுமியர் ‘பொட்டுக்கட்டி’ விடப்பட்டனர். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட குடும்பத்தார். அம்மாநிலம் 1982இல் தடைச் சட்டம் இயற்றியது. சென்னை மாகாணத்தில் 1947இலேயே சட்டம் வந்தது. ஆயினும் தமிழக, ஆந்திர எல்லைப் பகுதிகளில் மாதம்மா என்னும் தெய்வத்தின் பெயரால் சிறுமியர் விடப்படுவதாக எழுந்த புகார் குறித்து, 2017இல் தேசிய மனித உரிமை ஆணையம் இரு மாநில அரசுகளிடமும் விளக்கம் கேட்டது. தாயின் பெயரால் மகளை விற்கும் கொடுமைக்குத் தாய்மை என்றா பெயர்?

சாதியோ கோயில் வாயிலிலேயே நிற்கிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் ஆதித்திராவிடர் வரக்கூடாது என்று மறுக்கப்பட்டதால், 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலையே பூட்டி முத்திரையிட்டனர். கோயில் நுழைவுச் சட்டம் வந்து 75 ஆண்டுகள் கடந்த பின்னர் இந்தப் பூட்டு! சேரியின் உடலில் தெய்வம் நிற்கலாமாம். சேரியின் மக்கள் தெய்வத்தின் முன் நிற்கக்கூடாதாம்!

இளைஞர்களே, உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வரும் முதியோரிடம் இக்கதையைக் கேளுங்கள். தலை எவருடையது, உடல் எவருடையது, ஏன் அப்படி என்று கேளுங்கள். சினவாமல் கேளுங்கள், அவர்கள் நம் பாட்டிகள். விடை கூற அவர்கள் தயங்கும் இடத்தில் நீங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள். தம் கையிலுள்ள தடுப்புத் தழும்பைக் காட்டச் சொல்லி, அந்தத் தழும்பின் கதையையும் சொல்லுங்கள். உங்கள் தெருவில் ஊசி போடாத குழந்தை ஒன்றேனும் இருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு நலவாழ்வு நிலையத்துக்குச் செல்லுங்கள். உங்கள் ஊர்க் கோயிலின் கதவு ஒருவருக்கேனும் சாத்தப்பட்டிருந்தால், அது திறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

கொல்லப்பட்டதை அவள் மறந்துவிட வேண்டும் என்பது பரசுராமன் கேட்ட வரம். அந்த வரத்தை நாம் வழங்க மாட்டோம். அடைக்கலம் கேட்டு வந்தவளைக் காக்கத் தன் தலையைக் கொடுத்த சேரிப் பெண்ணுக்குக் கதையில் ஒரு பெயர்கூட இல்லை. அவளை நினைவில் வைத்திருப்பது நம் கடமை.